லீட்ஸ் நகர நடுவில் புது மாணவர் டவர், இன்னும் திறக்கவில்லை. மகளுக்கு அறை போடலாமா?

அவிநாசி_அப்பா:

வணக்கம்ங்க. மகள் கோவையில் டெக்ஸ்டைல் முடித்துவிட்டாள், வருகிற செப்டம்பரில் இங்கிலாந்து லீட்ஸில் ஒரு வருட எம்.எஸ்சி. சேர்கிறாள். சீட் உறுதி, லோன் பாதி வழியில் நிற்கிறது. இப்போது தலைவலி தங்கும் இடம்தான். கன்சல்டன்சிக்காரர் ஒரு புது டவரைக் காட்டி விடாப்பிடியாக நிற்கிறார். ஊருக்கு நடுவில், அரீனா என்கிற பெரிய நிகழ்ச்சி அரங்கத்தின் பக்கம், 30 மாடிக்கு மேல், முழுக்க மாணவர்களுக்கு மட்டுமே. ஆகஸ்ட் கடைசியில் திறப்பார்களாம். அவர் அனுப்பியதெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்த படங்கள்: ஜிம், சினிமா அறை, உச்சி மாடியில் சோபா போட்டு ஊரையே பார்க்கிற மாதிரி ஒரு கூடம். நிஜமான போட்டோ ஒன்றுகூட இல்லை.

வாடகை சொல்கிறேன். ஸ்டூடியோ என்றால் அறைக்குள்ளேயே சமையல் மேடை, பாத்ரூம் எல்லாம் தனி, வாரம் 215 பவுண்டு, 51 வாரத்துக்கு 10,965 பவுண்டு. நம் பணத்தில் 12 லட்சத்தைத் தாண்டுகிறது. கிளஸ்டர் என்றால் அறையும் பாத்ரூமும் தனி, சமையலறை மட்டும் ஆறு பேருக்குப் பொது, வாரம் 175, 44 வாரம், 7,700 பவுண்டு. இங்கிலாந்தில் ஜாமீன் போட ஆள் இல்லை என்றால் முழுத் தொகையும் முன்னாடியே கட்ட வேண்டுமாம். நமக்கு அங்கே யாருங்க இருக்கிறார்கள்? இந்த வாரத்துக்குள் புக் செய்தால் 300 பவுண்டு கேஷ்பேக் என்று தினமும் வாட்ஸ்அப் வருகிறது.

எங்கள் சொந்தத்தில் யாரும் நாலு மாடிக்கு மேல் குடியிருந்ததில்லை. காலியாக இருப்பது 27-வது மாடி என்றதும் மகளின் அமுச்சி (அம்மாவின் அம்மா), "தீப்பிடிச்சா புள்ள எப்படிச் சாமி எறங்கி வரும்" என்று கேட்டுவிட்டார்கள், அன்றிலிருந்து வீட்டம்மா சரியாகத் தூங்கவில்லை. மகளுக்கு ஸ்டூடியோதான் வேண்டும், அடுத்தவளோடு அடுப்புப் பங்கு போட முடியாது என்கிறாள். அங்கே இருந்தவர்கள், கட்டடம் தெரிந்தவர்கள், பணம் கட்டி அனுபவப்பட்டவர்கள் யாராவது விவரம் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

பெருந்துறை_பொண்ணு:

அங்கிள், நான் அதே ஊரில் படித்துவிட்டு இப்போது கோவையில் வேலை பார்க்கிறேன். அங்கே டவரில்தான் இருந்தேன், இருபதுக்கு மேற்பட்ட மாடி. உயரம் ஒரு வாரத்தில் மறந்துவிடும், அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். அங்கே இது புதுசும் இல்லை, 2009-லேயே ஸ்கை பிளாசா என்று ஒரு மாணவர் டவர் நூறு மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டது, 2021-இல் ஆல்டஸ் ஹவுஸ் 116 மீட்டர், இரண்டுமே அரீனா பக்கம்தான். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கால் மணி நேர நடை, கொஞ்சம் மேடு.

நான் சொல்ல வருவது ஸ்டூடியோவைப் பற்றி. தயவுசெய்து முதல் வருடம் ஸ்டூடியோ வேண்டாம். மகளுக்கு இப்போது இது புரியாது, எனக்கும் புரியவில்லை. டிசம்பரில் அங்கே நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். எம்.எஸ்சி.யில் வகுப்பு வாரத்துக்குச் சில மணி நேரம்தான், மீதியெல்லாம் தானாகப் படிப்பது. வகுப்பு இல்லாத நாளில் கதவைச் சாத்தினால் மறுநாள் வரை ஒரு மனித முகம் பார்க்காமல் இருந்துவிட முடியும், லிஃப்டில் வருகிறவர்கள் எல்லாரும் காதில் ஹெட்போன். கிளஸ்டரில் சமையலறைக்குப் போனாலே யாராவது இருப்பார்கள். பாத்திரம் கழுவாத சண்டை, என் பாலை யார் குடித்தது என்ற சண்டை எல்லாம் உண்டு, ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது அந்தச் சண்டைக்காரிதான், நைஜீரியாக்காரி.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது தாளிப்பு. ஸ்டூடியோவில் அடுப்பும் கட்டிலும் ஒரே அறை, புகை கண்டுபிடிக்கும் கருவி தலைக்கு மேலேயே. கடுகு வெடித்து வரமிளகாய் போட்ட அடுத்த நிமிடம் அது அலறும். ஜன்னலைத் திறக்கலாம் என்றால் உயரக் கட்டடத்தில் ஜன்னல் ஒரு சாண் அளவுக்குக்கூடத் திறக்காது, பாதுகாப்புக்காகத் தடுப்பு வைத்திருப்பார்கள். கிளஸ்டர் சமையலறையில் பெரும்பாலும் சூட்டை அறியும் கருவிதான், புகைக்கெல்லாம் அது அசையாது. ஆனால் அந்தச் சமையலறைக் கதவைத் திறந்துபோட்டு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்தால் புகை வராண்டாவுக்குப் போய் அங்கே இருக்கும் கருவி அடித்துவிடும், அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த மாடியே கீழே இறங்கி நைட்டியோடு தெருவில் நிற்கும். அலாரம் அடித்தால் லிஃப்ட் கிடையாது, படிதான். இறங்குவது சுலபம், ஏறும்போது லிஃப்டுக்கு வரிசை.

அரிசிம்பருப்பு சாதம் ரைஸ் குக்கரிலேயே ஜோராக வரும். ஆனால் சில கட்டடங்களில் அறைக்குள் ரைஸ் குக்கர் வைக்கக் கூடாது, சமையலறையில் மட்டும்தான், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

பீளமேடு_சிவில்:

அமுச்சி கேட்டதுதான் இந்தத் திரியிலேயே சரியான கேள்வி. அதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். நாலாவது மாடியில் ஒரு வீட்டு ஃபிரிட்ஜில் ஆரம்பித்த தீ, வீட்டுக்கு வீடு உள்ளே பரவி மேலே போகவில்லை. சில வருடம் முன்பு கட்டடத்தை அழகுபடுத்துகிறோம் என்று வெளிச்சுவரில் ஒட்டிய பிளாஸ்டிக் நடுவில் வைத்த அலுமினியத் தகடு வழியாக உச்சி வரை ஏறியது. உள்ளே ஒரே படிக்கட்டு, அதிலும் புகை. அதன்பிறகு 2018 கடைசியில் அங்கே ஒரு தடை வந்தது, 18 மீட்டருக்கு மேற்பட்ட புதுக் குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருளே கூடாது, மாணவர் விடுதிக்கும் இது பொருந்தும். ஆனால் தடை வருமுன் கட்டியவை நின்றுகொண்டுதானே இருக்கின்றன. 2019 நவம்பரில் போல்டன் ஊரில் தி கியூப் என்ற மாணவர் விடுதி ராத்திரியில் வெளிச்சுவர் வழியாக எரிந்தது, நல்லவேளை உயிர்ச்சேதம் இல்லை. அது ஆறே மாடி, 18 மீட்டர் கணக்குக்கு நூல் அளவு கீழே. ஆக 27-வது மாடியா 5-வது மாடியா என்பதைவிட எந்த வருடம் கட்டியது, சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்த வகையில் இப்போது புதிதாக எழும்பும் டவர், பத்துப் பதினைந்து வருடம் முந்திய ஆறு மாடிக் கட்டடத்தைவிட நிம்மதியானது என்றுதான் நான் சொல்வேன்.

படிக்கட்டை மட்டும் விசாரியுங்கள். இங்கிலாந்தில் 18 மீட்டருக்கு மேற்பட்ட புதுக் குடியிருப்புக்கு இரண்டு படிக்கட்டு கட்டாயம் என்ற விதி 2026 செப்டம்பர் 30-இல் இருந்துதான் வருகிறது, அதற்கு முன்பே அனுமதி வாங்கி வேலை ஆரம்பித்தவர்கள் ஒரே படிக்கட்டோடு முடிக்கலாம். விதி வருமுன்பே வரைபடத்தை மாற்றி இரண்டு வைத்தவர்களும் இருக்கிறார்கள். "எத்தனை படிக்கட்டு, தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் அறைக்குள்ளேயும் உண்டா" என்று ஒரு மெயில் போடுங்கள். பதில் வருகிற விதத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் நிஜப் பிரச்சினைக்கு வருகிறேன், அது தீ இல்லை, தேதி. 2022-இல் அங்கே கட்டடப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. 18 மீட்டர் அல்லது ஏழு மாடி இருந்தாலே அது ஆபத்து அதிகமான கட்டடம் என்ற கணக்கில் வரும். வேலை தொடங்க அனுமதி, முடித்தபின் சான்றிதழ், இரண்டையும் தனி ஒழுங்குமுறை ஆணையம் தர வேண்டும். முடிவுச் சான்றிதழ் கையில் வராமல் ஒரு ஆளைக்கூடக் குடிவைக்கக் கூடாது, வைத்தால் குற்றம். நம் ஊரில் கம்ப்ளீஷன் வருமுன்பே பால் காய்ச்சிவிட்டு, கரண்ட் கனெக்‌ஷனுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருப்போம், அந்தக் கதை அங்கே நடக்காது. பில்டர் பெயிண்ட் வரை முடித்து, கட்டில் மெத்தை எல்லாம் போட்டுவிட்டு, ஒரு காகிதத்துக்காகக் காத்திருக்க நேரலாம். ஆகஸ்ட் கடைசி என்று சொல்வது அவர்கள் ஆசை, அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை, கேட்காவிட்டாலும். லீட்ஸில் பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் என்று 112 மீட்டர் கட்டடம் 2007-இல் வந்தது. உயரத்தில் வீசும் காற்று சுவரில் மோதி, கூரையில் விழுந்த மழைத் தண்ணீர் தாழ்வாரத்தில் இறங்குகிற மாதிரி, கீழே தெருவில் வேகமாக இறங்கும். 2011-இல் அந்தக் காற்றில் ஒரு லாரியே புரண்டு நடந்துபோனவர் மேல் விழுந்து அவர் இறந்துபோனார். பிறகு சாலைக்குக் குறுக்கே காற்றைத் தடுக்கும் பெரிய தகடுகளை நிறுத்தினார்கள். இப்போதெல்லாம் உயரக் கட்டடத்துக்குக் காற்றைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுமதி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த பிள்ளைக்கு இது ஒன்றும் பெரிதில்லை, குடை மட்டும் வேஸ்ட், தலைமூடி வைத்த ஜாக்கெட் வாங்கிக் கொடுங்கள்.

---

காங்கேயம்_காளை:

எனக்கு ஒன்று புரியவில்லை. 12 லட்சம் ஒரு வருட வாடகையா? அந்தக் காசுக்கு ஊரில் எத்தனை வேலை பார்க்கலாம். அங்கேயும் சாதாரண வீடு வாடகைக்கு இருக்குமே, நாலு பிள்ளைகள் சேர்ந்து எடுத்தால் பாதிச் செலவு. சினிமா அறை எதற்கு, படிக்கப் போகிறதா படம் பார்க்கப் போகிறதா? இதெல்லாம் கன்சல்டன்சிக்காரனுக்குக் கமிஷன் வரும் இடமாகப் பார்த்துத் தள்ளிவிடுவது. நம் பீளமேட்டிலேயே பெண்கள் ஹாஸ்டல் என்று ஒரு அறையில் ஐந்து கட்டில் போட்டுக் காசு பிடுங்குகிறான், அவன் வெள்ளைக்காரன், கேட்கவா வேண்டும்.

---

பீளமேடு_சிவில்:

காளை அண்ணா, கமிஷன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அறை புக் ஆனால் ஏஜென்டுக்குக் கட்டடக்காரர் தருவது வழக்கம்தான். பீளமேட்டை இழுத்ததால் சொல்கிறேன், நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் 2014-லேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது, பதிவு செய்யாமல் நடத்தக் கூடாது, காவலர் வேண்டும், எல்லாம் எழுதியிருக்கிறது. அவிநாசி ரோட்டுச் சந்துகளில் எத்தனை போர்டில் அந்தப் பதிவு எண் இருக்கிறது என்று நடந்துபோகும்போது பாருங்கள்.

---

ஈரோடு_லோன்_டெஸ்க்:

சார், நான் வங்கியில் கல்விக் கடன் பிரிவு. கட்டடத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, பணத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த சீசனில் இதே தவறைப் பலர் செய்துவிட்டு விசா சமயத்தில் ஓடி வருகிறார்கள்.

விசாவுக்குப் படிப்புக் கட்டணம் தவிர ஒன்பது மாதச் செலவுப் பணம் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். வங்கிக் கணக்கில் இருக்கும் பணமாகக் காட்டினால் அது தொடர்ச்சியாக 28 நாள் அந்த அளவுக்குக் கீழே ஒரு ரூபாய்கூட இறங்காமல் இருக்க வேண்டும். நீங்கள் நடுவில் டவர்காரருக்கு ஏழாயிரம் பத்தாயிரம் பவுண்டு அனுப்பினால் 28 நாள் கணக்கு முதலில் இருந்து. "வாடகைதானே சார் கட்டினேன், அதைக் கழித்துக்கொள்ள மாட்டார்களா" என்று கேட்பார்கள். கழிப்பார்கள், ஆனால் பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதிக்கு முன்பணம் கட்டியிருந்தால்தான், அதற்கும் ஒரு உச்சவரம்பு. தனியார் டவருக்கு முழு வருடமும் கட்டினாலும் விசா அதிகாரி கணக்கில் அது போன பணம்தான். அதனால் விசா கைக்கு வரும்வரை டெபாசிட் மட்டும் கட்டுகிறேன் என்று பேசிப் பாருங்கள். "விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்பும்" என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. உண்டு என்று ஏஜென்ட் வாயால் சொன்னால் போதாது, ஒப்பந்தத்தில் எந்தப் பக்கம் என்று காட்டச் சொல்லுங்கள். எத்தனை நாளுக்குள் மறுப்புக் கடிதத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு கெடுவும் அதிலேயே ஒளிந்திருக்கும்.

ஜாமீன் விஷயம். ஆள் இல்லாதவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்கள் அங்கே உண்டு, அப்படிப் போனால் மூன்று தவணையாகக் கட்ட முடியும். அந்தக் காசையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். லோன் தவணை செமஸ்டர் வாரியாக வரும்போது வாடகையை மட்டும் மொத்தமாகக் கட்டினால் கைப்பணம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

காளை அண்ணன் வீட்டு வாடகை பற்றிக் கேட்டார், அது நல்ல கேள்வி. 2026 மே 1-இல் இருந்து இங்கிலாந்தில் வாடகைச் சட்டம் மாறிவிட்டது. சாதாரண வீட்டுக்காரர் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணமாகக் கேட்கக் கூடாது, குடியிருப்பவர் இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்யலாம். மாணவர்களுக்கென்றே கட்டிய பெரிய டவர்களுக்கு, அரசு ஏற்ற நடத்தை விதித் தொகுப்பில் அவர்கள் உறுப்பினராக இருந்தால், இதில் விலக்கு. அதனால்தான் முழு வருடப் பணத்தையும் அவர்கள் கூசாமல் கேட்க முடிகிறது. கையெழுத்துப் போட்டால் 51 வாரமும் உங்கள் தலையில். பிள்ளை நடுவில் ஊர் திரும்பினாலும், தன் இடத்துக்கு வேறு ஆள் பிடித்துக் கொடுத்தால்தான் விடுவார்கள்.

---

ஹெடிங்லி_கொங்கன்:

இப்போது லீட்ஸில்தான் இருக்கிறேன், சொந்த ஊர் கோபிப் பக்கம். ஈரோடு அண்ணன் சொன்ன வீட்டு வாடகையைப் பற்றி: ஹெடிங்லி, ஹைட் பார்க் பக்கம் செங்கல் வரிசை வீடுகள், நான் அப்படி ஒன்றில்தான் இருக்கிறேன், நாலு பேர். வாடகை குறைவு, ஆனால் கேஸ், கரண்ட், தண்ணீர், வைஃபை எல்லாம் நாமே பங்கு போட வேண்டும், ஹீட்டரை யார் போட்டது என்று ஜனவரியில் பஞ்சாயத்து நடக்கும். டவரில் அதெல்லாம் வாடகைக்குள்ளேயே. உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி முழுநேர மாணவர்களுக்கு இரண்டு இடத்திலும் கிடையாது. சிக்கல் என்னவென்றால் இந்த வீடுகளை இங்கே வந்து, கூடப் படிக்கிற நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, நேரில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அவிநாசியில் உட்கார்ந்துகொண்டு போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்பினால் ஏமாற்றுக்காரன் கையில் போகவும் வாய்ப்பு நிறைய. முதல் முறை வருகிற பிள்ளைக்கு டவரோ பல்கலைக்கழக விடுதியோதான் சரி.

பல்கலைக்கழக விடுதியை யாரும் இன்னும் சொல்லவில்லையே, அண்ணா. பல பல்கலைக்கழகங்கள் முதல் வருட வெளிநாட்டு மாணவருக்கு, குறிப்பிட்ட தேதிக்குள் விண்ணப்பித்தால், இடம் உறுதி என்று சொல்கின்றன. முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். ஏஜென்ட் அதை வாயே திறக்க மாட்டார், அதில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது.

ஸ்டூடியோ விஷயத்தில் மட்டும் பெருந்துறைத் தங்கச்சியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. என் நண்பன் ஒருவன் ஸ்டூடியோவில்தான் இருக்கிறான். சைவம், அடுத்தவன் மாட்டுக்கறி வறுத்த சட்டியில் இவனால் தோசை ஊற்ற முடியாது, வெளிப்படையாகச் சொல்லவும் கூச்சம். அவனுக்கு அது நிம்மதி. பார்ட் டைம் வேலை முடிந்து நடுராத்திரி வருகிறவனுக்கு, பொதுச் சமையலறையில் ஆறு பேர் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? பிள்ளையின் சுபாவத்தைப் பொறுத்தது. தானாகப் போய் நாலு பேரோடு பேசுகிற பிள்ளை என்றால் ஸ்டூடியோவும் ஒன்றும் செய்யாது.

வாரத்தைக் கவனியுங்கள். 44 வாரம் என்றால் செப்டம்பரில் ஆரம்பித்து ஜூலையில் காலி செய்யணும். எம்.எஸ்சி.க்கு ஆய்வேடு கோடை முழுக்க, ஆகஸ்ட் கடைசி செப்டம்பர் வரை போகும். எழுதுகிற நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேடணும். கோடையில் இளநிலைப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவதால் இரண்டு மாதத்துக்கு அறை கிடைப்பது கஷ்டமில்லை, விலையும் இறங்கும். ஆனால் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் 7,700-ஐ 10,965-ஓடு ஒப்பிட வேண்டும்.

அப்புறம், காய்கறிக்குச் சூப்பர் மார்க்கெட்டையே நம்ப வேண்டாம், அரீனாவிலிருந்து நடக்கிற தூரத்தில் கிர்க்கேட் மார்க்கெட் இருக்கிறது, வெண்டைக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். 1884-இல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் ஒரு பென்னிக் கடையாக ஆரம்பித்தது அந்தச் சந்தையில்தான். நம் திருப்பூர் பக்கத்து டெக்ஸ்டைல் பிள்ளை அதைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது.

---

அவிநாசி_அப்பா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இத்தனை நாளாக ஏஜென்ட் சொல்லாததை ஒரே நாளில் தெரிந்துகொண்டேன். பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பிக்கும் தேதி இன்னும் தாண்டவில்லை, மகள் நேற்று ராத்திரியே போட்டுவிட்டாள். அதற்குப் பதில் வரும்வரை டவரை விடாமல் பிடித்து வைக்கலாமா என்று ஒரு யோசனை. ஒருவேளை டவர்தான் என்று ஆனால், செப்டம்பரில் கட்டடம் தயாராகவில்லை என்றால் பிள்ளை தெருவில் நிற்குமா? அந்தப் பயம்தான் இப்போது தீயைவிடப் பெரிதாக இருக்கிறது. மகளிடம் தாளிப்பு விஷயம் சொன்னேன், கொஞ்சம் யோசிக்கிறாள். கிளஸ்டர் பக்கம் சாய்கிற மாதிரித் தெரிகிறது, கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

---

பெருந்துறை_பொண்ணு:

தெருவில் எல்லாம் நிற்க விட மாட்டார்கள் அங்கிள், ஆனால் அலைய விடுவார்கள். என் தோழி ஒருத்திக்கு வேறு ஒரு ஊரில் இது நடந்தது, கட்டடத்தின் பெயர் வேண்டாம். விமானம் ஏறுகிற வாரத்தில் மெயில் வந்தது, அறை தயாராக இல்லை, ஹோட்டலில் வைக்கிறோம் என்று. ஹோட்டல் நல்லாத்தான் இருந்தது, கல்லூரி மட்டும் ரெண்டு பஸ் மாறிப் போகிற தூரம், சமைக்க அடுப்பு இல்லை, தினமும் கடையில் சாண்ட்விச். அக்டோபர் கடைசியில்தான் அறைக்குப் போனாள். அங்கே போனபிறகும் லிஃப்ட் ஒன்று வேலை செய்யவில்லை, ஜிம்மில் கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கவில்லை. வாடகையில் கொஞ்சம் திரும்ப வந்தது, அதுவும் இவள் விடாமல் மெயில் போட்டதால்.

அதனால் கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் கேளுங்கள், ஏஜென்டிடம் இல்லை, கட்டடத்தை நடத்துகிறவர்களிடமே. தாமதமானால் தங்க எங்கே வைப்பார்கள், பல்கலைக்கழகத்திலிருந்து எவ்வளவு தூரத்துக்குள், அந்த நாட்களுக்கு வாடகை உண்டா, எத்தனை வாரம் தாண்டினால் அபராதமில்லாமல் ஒப்பந்தத்தை முறிக்கலாம், கட்டின பணம் எத்தனை நாளில் திரும்பும். அவர்கள் யூனிபோல் நேஷனல் கோட் என்ற நடத்தை விதித் தொகுப்பில் உறுப்பினரா என்றும் பாருங்கள். யூனிபோல் என்பது லீட்ஸிலேயே இருக்கும் மாணவர் வீட்டு வசதி அறக்கட்டளை. புகார் என்று போனால் கேட்க ஒரு இடம் அது. இதெல்லாம் கேட்டபின் கேஷ்பேக் கெடு தாண்டினால் தாண்டட்டும், அடுத்த வாரமும் அதே கேஷ்பேக் வேறு பெயரில் வரும்.

---

பீளமேடு_சிவில்:

இவர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாகிவிட்டதா, எந்த மாதம் என்று நேரடியாகக் கேளுங்கள். ஜூலை வந்தும் விண்ணப்பிக்கவே இல்லை என்றால் ஆகஸ்ட் திறப்பு நடக்காது. அப்படியானால் பக்கத்திலேயே நாலைந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் டவர்களில் கிளஸ்டர் பாருங்கள், அங்கே ஏற்கெனவே இருந்த பிள்ளைகளிடம் நிஜப் போட்டோ வாங்கலாம்.

---

அவிநாசி_அப்பா:

மெயில் போட்டுவிட்டேன்ங்க, நீங்கள் சொன்ன கேள்விகளை எல்லாம் மகளே ஆங்கிலத்தில் எழுதினாள். ஏஜென்ட் போன் செய்து, "எதுக்குங்க சார் நேராகப் போனீங்க" என்று கேட்டார். ரெண்டு கேள்விக்குப் பதில் வந்தது, படிக்கட்டு இரண்டு, ஸ்பிரிங்க்ளர் எல்லா அறையிலும். அமுச்சிக்குச் சொன்னதும், "ரெண்டு படியா, அப்பச் சரி" என்றுவிட்டார்கள். தேதி பற்றிய கேள்விக்கு மட்டும், "எங்கள் குழு தொடர்புகொள்ளும்" என்று வந்திருக்கிறது. நாளைக்குத் திரும்பவும் கேட்கப்போகிறேன்.

வீட்டம்மா ஒன்று கேட்கச் சொன்னார், குக்கர் இங்கிருந்தே கொடுத்து அனுப்பலாமா?

---

பெருந்துறை_பொண்ணு:

அனுப்பலாம், மூன்று லிட்டர் போதும். ஆனால் கேஸ் அடுப்பு இருக்காது, இண்டக்‌ஷன் அல்லது கண்ணாடி மேல் தட்டு அடுப்புதான், அதனால் அடி தட்டையான ஸ்டீல் குக்கராக, இண்டக்‌ஷன் என்று அடியில் அச்சடித்ததாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், வீட்டில் இருக்கும் பழைய அலுமினியம் இண்டக்‌ஷனில் சூடே ஏறாது. கூட ரெண்டு கேஸ்கட். மிக்ஸி வேண்டாம், பிளக் பொருந்தாது, எடையும் அதிகம். முதல் விசில் வரும்போது கூட இருக்கும் பிள்ளைகள் குண்டு என்று நினைத்து வெளியே ஓடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.